முப்பது, நாற்பது: ஒரு மாத்திரையும் நெய்வேலிப் பாதங்களும்

நெய்வேலியில் ஒருவர் கால் எரிகிறது என்று சொன்னால் யாரும் காரணம் கேட்டதில்லை. எட்டு மணி நேரம் சேஃப்டி ஷூவுக்குள் வெந்த கால், அனல் மின் நிலையத்தின் சூட்டில் நின்ற கால், கத்திரி வெயிலில் முந்திரித் தோப்பு மணலை மிதித்த கால். இவை எதுவும் இல்லையென்றால் சர்க்கரை. அதுவும் இல்லையென்றால் குடி. மந்தாரக்குப்பத்தில் மருந்துக்கடை நடத்திய நான், கால் எரிச்சல் என்று வந்தவர்களிடம் முதலில் கேட்டதும் இந்த இரண்டைத்தான்.

இப்படிக் கைவசம் இத்தனை காரணம் இருந்ததால், 2004-ஐ அடுத்து இந்த வட்டாரத்துக்குள் நுழைந்த ஒரு புதுக் கால் எரிச்சல் வெகுநாள் தனித்துத் தெரியவில்லை. அது ஒரு மாத்திரையால் வந்தது. அதே மாத்திரைதான் அதைச் சாப்பிட்டவர்களை உயிரோடு வைத்திருந்தது. அதன் பெயர் ஸ்டாவுடின். எச்.ஐ.வி.க்கு எதிராக மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து சிகிச்சையில், ஏழை நாடுகளில் பல ஆண்டுகள் தூணாக நின்ற மருந்து. இன்று எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்காது. போன சுவடே தெரியாமல் போய்விட்ட அந்த மருந்தின் கதையை, அது காலில் விட்டுப்போன சுவட்டிலிருந்து சொல்லலாம் என்று தோன்றுகிறது.

கால் எரிச்சலுக்கு நம் பக்கத்தில் நீண்ட வரலாறு உண்டு. மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த மால்கம்சன், சிப்பாய்களுக்கு வந்த பெரிபெரியையும் பாத எரிச்சலையும் பற்றி 1835-இலேயே எழுதி அச்சிட்டிருக்கிறார். நூறு ஆண்டு கழித்து, ஊட்டச்சத்து ஆய்வாளர் சி. கோபாலன் 1946-இல் எழுதிய கட்டுரை ஒன்று, ஏழைகளின் கால் எரிச்சல் சாப்பாட்டில் உள்ள குறையால் வருவது என்று காட்டியது. தீட்டிய அரிசியும் நீர்த்த குழம்பும் மட்டும் தின்று உழைக்கிற உடம்பில் பி வைட்டமின் வகைகள் வற்றிப்போனால், முதலில் முறையிடுவது பாதம்தான்.

மருந்தால் வரும் கால் எரிச்சலும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கியது. காசநோயாளிக்கு மலைக்காற்றும் சானடோரியமும் தேவையில்லை, சேரியில் சொந்த வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959-இல் உலகுக்கே நிரூபித்த மையம் அது. அங்கே கொடுத்த ஐசோனியாசிட் மாத்திரை, அளவு கூடியபோது சிலருக்குக் கால் மதமதப்பையும் எரிச்சலையும் கொண்டுவந்தது. மருத்துவர்கள் அதைத் தேடிக் கேட்டார்கள், எண்ணினார்கள், 1960-இல் உலக சுகாதார நிறுவன இதழில் எழுதினார்கள். பைரிடாக்சின் என்ற பி6 வைட்டமினைச் சில மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தால் அந்தப் பாதிப்பைத் தடுக்கலாம் என்பதையும் அங்கேயே சோதித்து 1963-இல் வெளியிட்டார்கள். இன்றைக்கும் காசநோய் மாத்திரையோடு சின்னதாக ஒரு வைட்டமின் மாத்திரை சேர்ந்து வருகிறதே, அதற்குப் பின்னால் சேத்துப்பட்டு நோயாளிகளின் பாதங்களும் இருக்கின்றன.

ஸ்டாவுடினுக்கு அப்படி ஒரு துணை மாத்திரை கிடைக்கவில்லை. வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

அந்த மருந்து பிறந்தது எச்.ஐ.வி.க்காக இல்லை. 1960-களில் அமெரிக்காவில் ஜெரோம் ஹார்விட்ஸ் என்ற வேதியியலாளர், புற்றுநோய்க்கு மருந்து தேடும்போது செய்து பார்த்த பொருள்களில் ஒன்று அது. புற்றுநோய்க்கு உதவவில்லை, அலமாரிக்குப் போனது. எய்ட்ஸ் வந்தபின் யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் புருசாஃபும் டை-ஷுன் லின்னும் அதை எடுத்துப் பார்த்து, வைரஸைத் தடுக்கும் என்று கண்டார்கள். பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனம் உரிமம் வாங்கியது. 1994-இல் செரிட் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அனுமதிக்கு முந்தைய சோதனைகளிலேயே ஒன்று தெரிந்திருந்தது: இந்த மருந்தின் அளவை ஏற்றவிடாமல் தடுக்கும் முக்கியப் பக்கவிளைவு கால் நரம்புப் பாதிப்பு. ஆகவே பாதம் எரியும் என்பது பின்னால் தெரியவந்த சேதி அல்ல. மருந்தோடு கூடவே வந்த சேதி.

இங்கே நம் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது? 1986-இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடமிருந்து சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்போதுதான் தெரிந்தது. தாம்பரம் சானடோரியம், 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது, 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. இருமலோடு வந்தவர்களுக்குள்ளே அந்த நோயும் இருந்ததால் அது தானாக நடந்த மாற்றம். தமிழ்நாட்டின் எந்த மூலையிலிருந்தும் "தாம்பரம் போயிட்டு வரேன்" என்றால் விஷயம் புரிந்துவிடும் காலம் வந்தது. அதனாலேயே பலர் "மெட்ராஸ் போயிட்டு வரேன்" என்றார்கள்.

நெய்வேலியிலிருந்து போனவர்களுக்கு அது பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு என்று போகும் நீண்ட பேருந்துப் பயணம். இந்த ஊரின் அமைப்பு அப்படி. 1956-இல் நிலக்கரி நிறுவனம் பதிவாகி, 1957-இல் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கிவைத்து, 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டபின், நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறிய நகரியம். என் அப்பாவும் அப்படி வந்தவர்தான். வட்டம் வட்டமாக வரிசை வீடுகள். பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே ஷிப்டு, எதிர்வீட்டுக்காரரும் ஒரே ஷிப்டு. அத்தனை பேரும் ஒரே இடத்தில் வேலை பார்க்கும் ஊரில் ரகசியமாக ஒரு சீட்டு எழுதி வாங்குவது நடக்காத காரியம் என்று நோயாளிகள் நினைத்தார்கள். சுற்றியுள்ள கிராமங்களின் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இன்னொரு பயம்: நோய் என்று தெரிந்தால் மேஸ்திரி நாளைக்கு லோடில் ஏற்றமாட்டார்.

தாம்பரம் போனாலும் அந்தக் காலத்தில் கிடைத்தது காசநோய்க்கும் வாய்ப்புண்ணுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்துதான். வைரஸுக்கான கூட்டு மருந்துக்கு மேல்நாட்டு விலை ஆண்டுக்கு 10,000 முதல் 15,000 டாலர். இங்கே யார் வாங்குவது?

விலையை உடைத்தது ஒரு சட்டமும் ஒரு கம்பெனியும். 1970-இன் இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை. செய்முறைக்கு மட்டும் தந்தது. அதனால் வேறு செய்முறையில் அதே மருந்தை இங்கே செய்யலாம். மேல்நாட்டில் ஸ்டாவுடின் ஒரு நிறுவனத்தின் சொத்து, லாமிவுடின் இன்னொன்றின் சொத்து, நெவிரபின் மூன்றாவதின் சொத்து. மூன்றையும் ஒரே மாத்திரையில் போட அங்கே யாருக்கும் வழியில்லை. இந்தியாவின் சிப்லா கம்பெனி போட்டது. 2001-இல் வந்த டிரையோமியூன் மாத்திரை காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று சிப்லாவின் தலைவர் யூசுஃப் ஹமீது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் அந்த ஆண்டு பிப்ரவரியில் சொன்னபோது, ஒரு நாள் மருந்து ஒரு டாலருக்குள் வந்துவிட்டது. அடுத்த மாதமே, யேல் மாணவர்களும் அதே மருத்துவர்கள் அமைப்பும் கொடுத்த நெருக்கடியில், தென்னாப்பிரிக்காவில் ஸ்டாவுடின் காப்புரிமையை வலியுறுத்தமாட்டோம் என்று உரிமம் வைத்திருந்த நிறுவனம் அறிவித்தது. கண்டுபிடித்த புருசாஃபே மாணவர்கள் பக்கம் நின்றார்.

அந்த மாத்திரை இரண்டு அளவில் வந்தது, முப்பது, நாற்பது என்று. மற்ற இரண்டு மருந்தும் இரண்டிலும் ஒரே அளவு: லாமிவுடின் 150 மில்லிகிராம், நெவிரபின் 200. மாறுவது ஸ்டாவுடின் மட்டும். உடல் எடை 60 கிலோவுக்குக் கீழே என்றால் முப்பது. மேலே என்றால் நாற்பது. மருந்து எடுக்க வந்தவரை எடை மெஷினில் ஏற்றி முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். எலும்பும் தோலுமாக 42 கிலோவில் முப்பதைத் தொடங்கியவர், உடம்பு தேறி 61 ஆனதும் நாற்பதுக்கு ஏற்றப்பட்டார். எடை ஏறியது என்று வீட்டில் சந்தோஷம். அதே நாளில் நரம்புக்கான ஆபத்தும் ஒரு படி ஏறியது.

இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையை 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு எட்டு அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. தாம்பரம் அவற்றில் ஒன்று. பின்னாளில் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கும் அது வந்தது, கடலூரிலும் இந்தச் சிகிச்சைக்கான ஏ.ஆர்.டி. மையம் திறந்தது. சிகிச்சை விவரம் எழுதும் வெள்ளை அட்டை மையத்தில் இருக்கும், அதற்கான பச்சைப் புத்தகம் நோயாளி கையில் இருக்கும்.

தொடக்க மருந்துகளில் இரண்டு வழி இருந்தது. ஒன்று ஜிடோவுடின் சேர்ந்த கூட்டு, இன்னொன்று ஸ்டாவுடின் சேர்ந்த கூட்டு. ஜிடோவுடின் ரத்தத்தைக் குறைக்கும். ஹீமோகுளோபின் எட்டு, ஒன்பது என்று வருகிற நம் ஊர்ப் பெண்களுக்கும், காசநோயில் காய்ந்து வந்த ஆண்களுக்கும் அதைக் கொடுக்க மருத்துவர்கள் தயங்கினார்கள். ஸ்டாவுடினுக்கு அந்தக் கவலை இல்லை. அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டாம். விலையும் குறைவு. சோகை பிடித்த உடம்புகள் நிறைந்த ஊருக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

இலவச மருந்துக்கு முன்னால் ஒருசிலருக்கு மட்டும் நான் பாண்டிச்சேரி ஏஜென்ட் மூலம் டிரையோமியூன் வரவழைத்துக் கொடுத்ததுண்டு. டப்பாவை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, லேபிளைக் கிழித்து, காக்கிக் கவரில் போட்டுத் தருவேன். இலவசம் வந்தபின் அந்த விற்பனை நின்றது. அதற்குப் பதில் வேறு சரக்கு நகர்ந்தது: பி-காம்ப்ளக்ஸ், வலி தைலம், டாக்டர் சீட்டோடு அமிட்ரிப்டிலின், கபாபென்டின். மருந்து அரசாங்கத்திடம் இலவசம், அதன் பக்கவிளைவுக்கான மருந்து என் கடையில் காசுக்கு. என் பில் புத்தகம் சொன்ன வரலாறு அது.

சுரங்கத்தில் கன்வேயர் பக்கம் ஒப்பந்த வேலை பார்த்த ஒருவர் வந்தது நினைவிருக்கிறது. கடையில் கூட்டம் வடியும்வரை ஓரமாக நின்றுவிட்டு வந்தார்.

"அக்கா, கால் எரிச்சலுக்கு ஏதாவது குடுங்க."

"சுகர் பாத்தீங்களா தம்பி?"

"பாத்தாச்சுக்கா, இல்லன்ட்டாங்க. ராவுல போர்வை பட்டாக்கூட உயிர் போவுது. சிமெண்ட் தரையில தண்ணி ஊத்தி அதுமேல காலை வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கேன்."

ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் காட்டினார். உள்ளங்கால் இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தது. பதறிப்போய்க் குனிந்து பார்த்தால், மருதாணி. குளிர்ச்சி என்று மாமியார் அரைத்துப் பூசிவிட்டிருந்தார். அந்த அம்மாவுக்குத் தெரிந்தது மருமகனுக்கு உடம்புச் சூடு என்பது மட்டும். மனைவிக்கு எல்லாம் தெரியும். அவரும் அதே மாத்திரைதான் சாப்பிடுகிறார். கல்யாணப் பெண் மாதிரி சிவந்த காலை ஷூவுக்குள் மறைத்துக்கொண்டு, எரிச்சலோடு இரும்பு ஏணி ஏறிக்கொண்டிருந்தார் அவர். காலில் செருப்பு இருக்கிறதா கழன்றுவிட்டதா என்பது கீழே பார்த்தால்தான் தெரிகிறது என்றார். எரியவும் எரியும், உணர்வும் இருக்காது. சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும் இந்த இரண்டும் சேர்ந்து வருவதுதான் இந்த நோயின் முத்திரை.

காரணம் இதுதான். ஸ்டாவுடின், வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது நடுவில் புகுந்து கெடுக்கும் போலிச் சரக்கு. ஆனால் நம் செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் சொந்தமாக டி.என்.ஏ. உண்டு. அதைப் படியெடுக்கும் நொதியும் அந்தப் போலியை நம்பி ஏமாறும். மைட்டோகாண்ட்ரியா குறையக் குறைய நரம்புக்குத் தீனி குறையும். உடம்பில் மிக நீளமான நரம்பிழைகள் இடுப்பிலிருந்து கால் கட்டைவிரல் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் ஓடுகின்றன. தண்ணீர் குறைந்தால் கடைமடைதான் முதலில் காயும். இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் விரல் நுனியில் தொடங்கி, மெல்ல மேலேறி, சாக்ஸ் போட்ட இடம்வரை வரும். சர்க்கரையும் குடியும் இருந்தால் சீக்கிரம் வரும். காசநோயும் சேர்ந்து ஐசோனியாசிட் சாப்பிடுபவருக்கு இரண்டு பக்க அடி. எச்.ஐ.வி. வைரஸே தனியாகவும் நரம்பைக் கெடுக்கும். ஆகவே ஒருவர் காலில் எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்வது மருத்துவருக்கும் லேசில்லை.

பாதத்தை மறைக்கலாம். முகத்தை? அதே மாத்திரை கன்னத்துக் கொழுப்பையும் கரைத்தது. சாவிலிருந்து மீண்டு, எடை ஏறி, வேலைக்கும் போகத் தொடங்கியவரின் கன்னம் மட்டும் குழி விழுந்துபோகும். நோய் காட்டிக்கொடுக்காதவரை மருந்து காட்டிக்கொடுத்தது. அரிதாகச் சிலருக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தானது.

வலிக்கு என்ன கொடுத்தார்கள்? சர்க்கரைக் கால் எரிச்சலுக்குப் பலன் தரும் அமிட்ரிப்டிலின், எச்.ஐ.வி. நரம்பு வலியில் வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று அமெரிக்காவில் 1998-இல் வந்த இரண்டு ஆய்வுகள் சொல்லிவிட்டன. ஆனாலும் கொடுத்தார்கள், தூக்கமாவது வரும். பி6 மாத்திரையும் கொடுத்தார்கள். ஐசோனியாசிட் பங்குக்கு அது உதவும், ஸ்டாவுடின் பங்குக்கு உதவாது. உருப்படியான வைத்தியம் ஒன்றே ஒன்று: மருந்தை மாற்றுவது. அதையும் சீக்கிரம் செய்ய வேண்டும். ஆரம்பத்தில் மாற்றினால் எரிச்சல் மெல்லத் தணியும். நரம்பு செத்தபின் மாற்றினால் வலி நின்றுவிடலாம், உணர்வு திரும்பாது. மாற்றிய பிறகும் சில வாரம் எரிச்சல் கூடிவிட்டுத்தான் குறையும். இதைச் சொல்லி அனுப்பாவிட்டால், புது மருந்துதான் ஆகவில்லை என்று அதையும் நிறுத்திவிடுவார்கள்.

மாற்றத்தான் மாற்று வேண்டுமே. டெனோஃபோவிர் என்ற மருந்து 2001-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. அங்கே மருத்துவர்கள் ஸ்டாவுடினைக் கைவிட்டு அதற்கு நகர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான், இங்கே ஸ்டாவுடின் அரசு மருத்துவமனை வரிசைகளுக்கு வந்து சேர்ந்தது. 2007-இல் உலக சுகாதார நிறுவனம், எடை எவ்வளவு இருந்தாலும் முப்பதே போதும் என்றது. நாற்பதுக்கு அன்றோடு வேலை முடிந்தது. 2009 நவம்பர் கடைசியில், ஸ்டாவுடினையே படிப்படியாக விட்டுவிடுங்கள் என்றது. அடுத்த சில ஆண்டுகளில் இந்தியாவும் விட்டது.

இந்த இடைவெளியை அறியாமை என்று சொல்ல முடியாது. கால் எரியும் என்பது 1994-லேயே தெரியும். தெரிந்ததற்கும் நிறுத்தியதற்கும் நடுவே நின்றது விலை. அதற்காக ஸ்டாவுடினைத் திட்ட எனக்கு வாய் வராது. அது இல்லாதிருந்தால் 2004-இல் இலவசத் திட்டமே இவ்வளவு பேருக்கு எட்டியிருக்காது. மருதாணிக் காலோடு வந்தவர் இன்றைக்கும் மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்த கதையைச் சொல்கிறார். ஆனால் மலிவான மருந்து என்று கணக்கு எழுதியவர்கள் விலையில் ஒரு பகுதியை மட்டும் எழுதினார்கள். மிச்சத்தை நோயாளி தன் காலால் கட்டினார், சிலர் இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சேத்துப்பட்டு நினைவுக்கு வருவது இதனால்தான். அங்கே பி6 கிடைத்தது அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு முன்னால் அவர்கள் செய்த காரியத்துக்கு அதிர்ஷ்டம் தேவைப்படவில்லை: மருந்து வாங்க வந்தவரிடம் காலைப் பற்றிக் கேட்டார்கள். ஸ்டாவுடின் காலத்தில் நீண்ட வரிசையும் கொஞ்சம் மருத்துவர்களுமாக இருந்த இடங்களில், எடை பார்த்து, மாத்திரை எண்ணி, அடுத்த தேதி போட்டு அனுப்புவதிலேயே நேரம் போனது. கட்டைவிரல் மேல் ஒரு இசைக்கவையைத் தட்டி வைத்து "அதிருதா?" என்று கேட்க ஒரு நிமிஷம் போதும். கேட்ட இடங்களில் சீக்கிரம் மாற்றினார்கள். கேட்காத இடங்களிலிருந்து வந்தவர்கள் என் கடையில் தைலம் வாங்கினார்கள்.

இப்போது கூட்டு மருந்தில் டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் என்று நாளுக்கு ஒரே மாத்திரை. பாதம் எரிக்காது. ஆனால் பழைய ஸ்டாவுடின்காரர்கள் ஐம்பது, அறுபது வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் பலருக்கு இப்போது நிஜமாகவே சர்க்கரை வந்துகொண்டிருக்கிறது. காசநோய் வராமல் தடுக்க ஐசோனியாசிட்டும், கூடவே பி6-உம் கொடுக்கிறார்கள். பாதி உணர்வு போன காலில் ஒரு முள் குத்தினால் புண் ஆறும் கதை வேறு. மையத்துக்குப் போகிறவர்களிடம் நான் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டிவிட்டு வாருங்கள். எந்தக் காலத்தில் எந்த மாத்திரை சாப்பிட்டீர்கள், முப்பதா நாற்பதா என்பதையும் சொல்லுங்கள். பச்சைப் புத்தகத்தின் பழைய பக்கங்களில் அது எழுதியிருக்கும்.